டேக்கைக் கெடுத்த மூச்சு

அந்த நகரத்தில் அவள் குரலைக் கேட்காத ஆள் கிடையாது. அவளைத் தெரிந்த ஆள்தான் குறைவு. லிஃப்டில் ஏறினால் "கதவு மூடுகிறது" என்று சொல்வது அவள்தான். புகார் சொல்ல எந்த அலுவலகத்துக்கு போன் போட்டாலும், "சற்றுப் பொறுங்கள், உங்கள் அழைப்பு வரிசையில் உள்ளது" என்று சொல்லி வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதும் அவள்தான். ஒரு தடவை பல் டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில், லிஃப்டில் நின்ற ஒருவர், "இந்தப் பொம்பளை வாயையே மூட மாட்டாளா?" என்று அவளைப் பார்த்தே சலித்துக்கொண்டார். "ரொம்பத்தான் பேசுறா" என்று அவளும் ஒத்து ஊதிவிட்டு இறங்கி வந்தாள்.

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வைத்தவர் கணவர். பாத்திரம் கழுவினால் பாட்டு, துணி உலர்த்தினால் பாட்டு, சண்டை போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனால் அங்கிருந்தும் பாட்டு. "நிறுத்தவும் முடியலை, ஸ்டேஷன் மாத்தவும் முடியலை. ஒரு ரேடியோவைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்" என்று கல்யாணமான முதல் மாதமே தன் அக்காவிடம் போய்ச் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

லிஃப்டுக்கும் போனுக்கும் பேசுவது பிழைப்பு. உயிரை வைத்திருந்தது பாட்டின்மேல். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவாள். எழுதுவது பழைய மின்கட்டண ரசீதுகளின் பின்பக்கம். அதுவும் அடுப்படியில் நின்றுகொண்டுதான்; உட்கார்ந்தால் ஒரு வரி வராது. இரண்டு ஆல்பம் வெளியிட்டிருந்தாள். அதனால் உலகம் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. ஆனால் கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். முகம் தெரியாத யாராவது, "நாலாவது பாட்டைக் கேட்டுட்டு எங்க அண்ணனோட மறுபடி பேச ஆரம்பிச்சுட்டேன்" என்று இரண்டு வரி எழுதிப் போடுவார்கள். அவளுக்கு அது ஒரு வருடத்துக்குத் தாங்கும்.

கணவர் ஒலிப்பதிவுக்காரர். உடனே கண்ணாடிச் சுவர், சிவப்பு விளக்கு என்று கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். வீட்டின் பின்பக்க அறைதான் ஸ்டூடியோ. ஜன்னலுக்கு ஒரு பழைய மெத்தை, சுவர்களுக்குக் கம்பளி, கதவிடுக்குக்குச் சுருட்டிய துண்டு. நடுவில் மைக்கும் அவளும். மூலையில் கம்ப்யூட்டரும், கிறீச்சிடாத மர நாற்காலியில் அவரும். காலை பதினொன்றிலிருந்து ஒன்று வரைதான் பதிவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்விட்டிருப்பார்கள், மேல்வீட்டு மிக்ஸி ஓய்ந்திருக்கும், தெரு நாய்கள் வெயிலுக்குப் பயந்து படுத்திருக்கும்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பாட்டைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம், யாரும் பேசாமல் அசையாமல், அறை தன்பாட்டுக்கு இருக்கும் சத்தத்தைப் பதிவு செய்வார். எந்த அறையும் சத்தமே இல்லாமல் இருப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. பாட்டை வெட்டி ஒட்டும்போது வரிக்கும் வரிக்கும் நடுவே ஒன்றுமே இல்லாமல் விட்டால், கேட்கிறவன் காது திடுக்கிடும். அந்த இடத்தில் இந்த இரைச்சலை எடுத்து வைப்பார்கள். அந்தக் கோப்புகளுக்கெல்லாம் அவர் "சும்மா" என்று பெயர் வைத்தார். சும்மா ஒன்று, சும்மா இரண்டு என்று தேதி போட்டு அடுக்கியிருந்தார். "நாம ரெண்டு பேரும் சண்டை போடாம இருந்த நிமிஷத்துக்கு அத்தாட்சி வேணாமா?" என்பார்.

அந்த மனிதர்தான் எட்டு மாதத்துக்கு முன்னால், ஐம்பது வயதுகூட முடியாமல், போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் மிச்சம் இருந்தது ரேடியோவும் நாத்தனாரும். குழந்தைகள் இல்லை. நாத்தனார் கணவருக்கு மூத்தவர். முப்பத்தோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே டீச்சர் என்று கூப்பிடும். ரேடியோ மட்டும் அண்ணி என்பாள். அம்மா இறந்தபோது தம்பிக்கு ஒன்பது வயது. அவனைக் குளிப்பாட்டி, தலை வாரி, முதுகில் நாலு வைத்து, படிக்க வைத்து ஆளாக்கியது இந்த அண்ணிதான். கல்யாணம் பண்ணிக்கொள்ள நேரம் அமையவில்லை என்று சிரிக்காமல் சொல்வார். தம்பி ஒரு பாட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றபோது அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கணக்கு வருமா?"

"சுத்தமா வராது."

"சரி, பொய் சொல்லலை" என்று சம்மதம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு இருபது வருடம், மாமியார் இல்லாத குறையையும் அவரே தீர்த்தார், அம்மா இல்லாத குறையையும் அவரே தீர்த்தார். தம்பி போன முதல் மாதம் ரேடியோ சாப்பாட்டுத் தட்டை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அண்ணி பிசைந்து ஊட்டிவிடுவார். நாற்பத்து நாலு வயதுக்காரிக்கு.

துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னதும் அண்ணிதான். "ரெண்டே நாள்தான் மூச்சு வாங்குச்சு. அதுக்கு முன்னாடி ஒரு அறிகுறி கிடையாது. டாக்டரே சொன்னார், இதயம் எப்பவோ பழுதாகியிருக்கு, நுரையீரல்ல தண்ணி கோத்திருக்குன்னு. வெளியில தெரியலையே, என்ன பண்றது?" தூரத்துச் சித்தப்பா ஒருவர், "கூடவே இருந்தவளுக்குமா தெரியாம போச்சு?" என்று இழுத்தார். அண்ணி அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். "அவ காதுக்கே தெரியலைன்னா எவனுக்குத் தெரிஞ்சிருக்கும்? வந்த இடத்துல வாயை அடக்கிட்டு இருங்க!"

அண்ணி அப்படி வரிந்துகட்டிக்கொண்டு பேசும் ஒவ்வொரு தடவையும் ரேடியோ எழுந்து அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு நாள் இல்லை, நான்கு மாதம்.

முதலில் காதில் விழுந்ததே அவளுக்குத்தான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு டேக்கை, அதாவது ஒரே வீச்சில் பாடிப் பதிந்ததைச் சரிபார்க்கும்போது, குரலுக்குப் பின்னால் மெலிதாக ஒரு விசில். "ஏங்க, உங்க மூச்சு டேக்ல விழுது" என்றாள். சைனஸ் என்றார் அவர். நாற்காலியை ஓர் அடி தள்ளிப் போட்டார். அடுத்த மாதம் விசில் போய், உள்ளே எங்கோ தண்ணீர் கொப்புளிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. மைக்கைத் திருப்பி வைத்தார்கள். நடுவில் இன்னொரு கம்பளி தொங்கவிட்டார்கள். அப்புறம் அவரே கம்ப்யூட்டரில் தன் மூச்சுச் சத்தத்தை மட்டும் தேடிப் பிடித்து அழிக்க ஒரு வழி கண்டுபிடித்து, சின்னப் பையன் மாதிரி பெருமைப்பட்டார். "பார்த்தியா, ஆளே இல்லாத மாதிரி இருக்கு!"

வேறு எந்த வீடாக இருந்தாலும் அந்த மனிதரை டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். இந்த வீட்டில் மைக்கைத் தள்ளி வைத்தார்கள். இரண்டு பேருக்கும் காது அப்படிக் கூர்மை, புத்தி அப்படி மழுங்கல். காதில் விழுகிற எல்லாமே அவர்களுக்கு ஒன்று பாட்டு, இல்லையென்றால் இரைச்சல். இரைச்சல் என்றால் நீக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியில் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்காரப் பழகினார். வரி முடிகிற இடத்தில் மட்டும் விடுவார். ஒரு நாள் அடக்க முடியாமல் நடுவிலேயே விட்டுவிட்டார். அருமையாக வந்துகொண்டிருந்த டேக் பாழானது. ரேடியோவுக்குக் கோபம் தலைக்கேறியது.

"மூச்சு விடாம இருக்க முடியாதா உங்களால? இல்லைன்னா வெளிய போய் உட்காருங்க!"

அட்சரம் பிசகாமல் இதுதான் அவள் சொன்னது. அவர் சிரித்தார். "அடிப்பாவி, சாகச் சொல்றியே" என்று கேலி பண்ணிவிட்டு, பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, கதவுக்கு வெளியே தரையில் போய் உட்கார்ந்துகொண்டார். டேக் சுத்தமாக வந்தது. மூன்றாவது வாரம் ஆஸ்பத்திரி.

அங்கே டாக்டர் கேட்டார், "எத்தனை நாளா மூச்சு இப்படி இருக்கு?" அண்ணியும் பக்கத்தில்தான் நின்றார். ரேடியோ, "ரெண்டு நாளா" என்றாள். எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டிலில் கிடந்தவர், முகமூடிக்கு மேலே கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்து ஆமாம் என்று தலையை ஆட்டினார். அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று பிற்பகலே எல்லாம் முடிந்தது.

சரி, மூன்றாவது ஆல்பத்துக்கு வருவோம். அவர் போன மூன்றாம் மாதத்திலிருந்து பாட்டு வர ஆரம்பித்தது. அடுப்படியில் நின்று எட்டுப் பாட்டு எழுதிவிட்டாள். அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சீப்பைப் பற்றி ஒன்று. நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நின்ற முதல் சந்திப்பைப் பற்றி ஒன்று. அவருடைய செருப்பை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அங்கேயே விட்டிருப்பதைப் பற்றி ஒன்று. எல்லாம் உண்மை, எல்லாம் அழகு. ஒன்பதாவது பாட்டு அவர் போன நாளைப் பற்றியது. அது மட்டும் நகரவில்லை.

பதிவு செய்ய மீசை வந்தார். கணவரிடம் பதினைந்து வருடம் கூட இருந்து தொழில் கற்றவர். இப்போது சொந்தமாக இடம் வைத்திருக்கிறார். மீசைக்குப் பின்னால் ஒரு ஆள் இருப்பதைக் கண்டுபிடிக்கவே நேரமாகும், அதனால் பெயர் மீசை. "அண்ணன் ரூம்லதான் பண்ணணும், அக்கா. வேற இடத்துல அந்தச் சத்தம் வராது" என்று அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கணவரின் நாற்காலியில் மட்டும் உட்காரவில்லை. அடுப்படியிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

ஒன்பதாவது பாட்டை அன்று பதினொரு தடவை பாடினாள். பதினொரு தடவையும் அதே வரியில் குரல் வழுக்கியது. "சொல்லாமலே போனவனே" என்ற வரி.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மீசை. "மத்த எட்டுப் பாட்டும் என் கழுத்தைப் பிடிச்சு உலுக்குது. இது மட்டும் லிஃப்ட்ல பேசுற மாதிரி இருக்கு."

அவளுக்குச் சுருக்கென்றது. "ஸ்வரம் சரியாத்தானே இருக்கு?"

"ஸ்வரமெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் அதுல இல்லை."

தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது மீசை பழைய ஹார்ட் டிஸ்கைத் திறந்து வைத்திருந்தார். பாட்டுகளுக்கு நடுவே வைக்க அறைச் சத்தம் வேண்டும், அண்ணன் எடுத்ததே இருக்குமே என்று தேடியிருக்கிறார். "சும்மா" கோப்புகள் வரிசையாக நின்றன. ஒன்றைத் தட்டினார்.

"இதுல ஏதோ ஒரு சத்தம் ஓடுது, அக்கா. ஃபேனா? விட்டு விட்டு வருது."

ஒலிபெருக்கியிலிருந்து அவர் மூச்சு அறைக்குள் வந்தது. ரேடியோ கதவைப் பிடித்துக்கொண்டாள். பாட்டுகளிலிருந்துதான் அவர் தன்னை அழித்திருந்தார். சும்மாவை யார் கேட்கப் போகிறார்கள் என்று அப்படியே விட்டுவிட்டிருக்கிறார். இருபது வருடம் இரண்டாயிரம் மணி நேரம் பதிவு செய்த மனிதரின் குரல் எந்த டேப்பிலும் இல்லை. ஒலிப்பதிவுக்காரன் பேச்சை வெட்டிவிடுவதுதானே வழக்கம். இருந்தது இது ஒன்றுதான்.

"அடுத்ததைப் போடுங்க" என்றாள்.

அதிலிருந்து கடைசி வரை தேதி வாரியாகப் பதினான்கு கோப்புகள். மீசைக்கு மூன்றாவதில் விளங்கிவிட்டது. பதினான்காவதில் ஒரு மனிதர் மூச்சுக்காகப் படாதபாடு படுவது அப்பட்டமாகக் கேட்டது, அதற்கு நடுவே அவள் குரல், எரிச்சலோடு: "உஷ்."

"இதெல்லாம்... நாலு மாசம்" என்றார் மீசை.

"ஆமாம். எனக்குக் கேட்டுச்சு. டாக்டர்கிட்ட ரெண்டு நாள்னு பொய் சொன்னேன்."

மீசை கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பெரியக்கா, அதாவது டீச்சர், அடுத்த அறையில் பேப்பர் புரட்டும் சத்தம் கேட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அழிச்சிடட்டுமா, அக்கா? யாருக்கும் தெரியப் போறதில்லை" என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

"இன்னும் என்ன அழிக்கணும்?" என்றாள். சத்தம் போடக் கூடாது என்று நினைத்தும் குரல் உயர்ந்துவிட்டது. "இதை அந்தப் பாட்டுக்கு அடியில வைங்க. முதல்லேருந்து கடைசி வரைக்கும்."

அன்று சாயங்காலமே அந்த வரியை மாற்றினாள். மின்கட்டண ரசீதின் பின்னால், "சொல்லிக்கொண்டேதான் இருந்தாய், நான் சுருதி பார்த்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதினாள். எழுதியதும் அடுத்த வரிக்குப் போகாமல் பேனாவை வைத்துவிட்டாள். ஏனென்றால் இந்தப் பாட்டு வெளியே போகும் முன் அண்ணிக்குத் தெரிந்தாக வேண்டும். ஊர் கேட்டுவிட்டு அண்ணி கேட்டால் அதைவிடத் துரோகம் கிடையாது. சொன்னால்? தம்பியைக் கையில் தூக்கி வளர்த்தவர். இவளுக்காக ஊரோடு சண்டை போட்டவர். இவள் முகத்தில் இனி விழிப்பாரா? அண்ணியும் இல்லையென்றால் அந்த வீட்டில் அவளைச் சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது. பாட்டே வேண்டாம் என்று ரசீதை நாலாக மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள். இரண்டு நாள் கழித்து எடுத்தாள். மறுபடியும் வைத்தாள்.

ஐந்தாம் நாள் மத்தியானம், அண்ணி சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும், "கொஞ்சம் இந்த ரூமுக்கு வாங்க, அண்ணி" என்றாள்.

"பாட்டா? எனக்கு என்னம்மா தெரியும் அதுல?"

"பாட்டு இல்லை."

நாற்காலியில் உட்கார வைத்து ஹெட்ஃபோனை மாட்டினாள். நரைத்த முடி அதில் சிக்கியதை எடுத்துவிட்டாள். முதல் கோப்பைப் போட்டாள். அண்ணி கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் இருந்தார். பிறகு முகம் மாறியது.

"இவன்தானே?" என்றார், ஹெட்ஃபோன் மாட்டியிருந்ததால் சத்தமாக. "தூங்குறப்ப இப்படித்தான் மூச்சு விடுவான். சின்ன வயசிலேயே. இவன்தானே?"

"அவர்தான்."

அண்ணியின் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். அதைப் பார்க்கப் பார்க்க ரேடியோவுக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. பதினான்கையும் வரிசையாகப் போட்டாள். சந்தோஷம் ஒவ்வொரு கோப்பாக வடிந்தது. அண்ணி கணக்கு டீச்சர். திரையில் தேதிகள் தெரிகின்றன. கூட்டிக் கழித்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? கடைசியில் அந்த "உஷ்" வந்தபோது ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

ரேடியோ எல்லாவற்றையும் சொன்னாள். நாற்காலி, மைக், கம்பளி. வெளியே போய் உட்காருங்க என்றது. அவர் தரையில் உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். எதையும் பூசி மெழுகவில்லை.

"நாலு மாசம்" என்றார் அண்ணி.

"ஆமாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேனே. அவன் என் பேச்சைத் தட்ட மாட்டானே."

அண்ணி நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தார்.

"எல்லார்கிட்டயும் ரெண்டு நாள்னு சொன்னேன். என் வாயால சொல்ல வச்சியே" என்றார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதோடு பேச்சு நின்றது. ஒன்பது நாள். சமையல் ஒருத்தி, பாத்திரம் ஒருத்தி என்ற முறை மாறவில்லை. ரேடியோவின் தட்டு மூடி வைத்திருக்கும். மூடியவர் அங்கே இருக்க மாட்டார். பால் வாங்க வேண்டும் என்றால் பால் பாத்திரத்தைக் கவிழ்த்து மேடையில் வைப்பார், அதுதான் சேதி. கொஞ்சம் திட்டித் தொலைத்தால் நிம்மதியாக இருக்கும் என்று ரேடியோ ஏங்கினாள். முப்பத்தோரு வருடம் வகுப்பையே கிடுகிடுக்க வைத்தவர், ஒரு அதட்டல்கூடப் போடவில்லை. அண்ணியின் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறதா என்று தினமும் போகிற போக்கில் பார்த்துக்கொண்டாள். எட்டாம் நாள் பெட்டி கட்டிலின் மேல் இருந்தது. ரேடியோ அன்று சாப்பிடவில்லை.

பதிவுக்குக் குறித்த நாள் மறுநாள். "இன்னைக்கு வேணாம்னா தள்ளிப் போடலாம், அக்கா" என்றார் மீசை. தள்ள வேண்டாம் என்றாள். தள்ளிப் போட்டால் இந்த ஜென்மத்தில் பாட மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். ஜன்னல் மெத்தையைச் சரிசெய்துவிட்டு, கதவிடுக்கில் துண்டு வைக்கக் குனிந்தாள். கதவு வெளியிலிருந்து திறந்தது.

அண்ணி. யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டார். மீசை ரேடியோவைப் பார்த்தார். ரேடியோ துண்டை வைத்துக் கதவை அடைத்தாள்.

ஹெட்ஃபோனில் முதலில் அவர் மூச்சு வந்தது. அதன் மேல் முன்பே பதிந்து வைத்திருந்த கிடார். அதன் மேல் அவள் பாட ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே மீசை நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் குரலை அவர் பதினைந்து வருடத்தில் கேட்டதில்லை. அழகுபடுத்தாத, ஒளிக்க ஒன்றும் இல்லாத குரல். "சொல்லிக்கொண்டேதான் இருந்தாய்" என்ற வரி வந்தது, வழுக்கவில்லை. இரண்டாம் சரணம் வந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அமையக்கூடிய டேக் அது. பாடுகிறவளுக்கும் தெரிந்தது, பதிவு செய்கிறவருக்கும் தெரிந்தது.

அப்போது ஹெட்ஃபோனில் இன்னொரு சத்தம் விழுந்தது. அவர் மூச்சுக்குப் பக்கத்தில் வேறொரு மூச்சு. தடுக்கித் தடுக்கி, உள்ளே இழுத்து, நின்று, மறுபடி இழுத்து. மீசைக்கும் கேட்டது. பதிவை நிறுத்தாமல், பெரியக்காவைப் பார்த்து உதட்டில் விரலை வைக்கப் போனார்.

ரேடியோ பாதி வார்த்தையில் பாட்டை விட்டாள். ஹெட்ஃபோன் கீழே விழுந்தது. "அண்ணி, எழுந்திரிங்க. மூச்சு ஏன் இப்படி இழுக்குது? எழுந்திரிங்க, போலாம்."

அண்ணி வேண்டாம் என்று கையை ஆட்டினார். வாயைத் திறக்கவில்லை. "அக்கா, இன்னும் நாலே வரிதான்..." என்று மீசை எழுந்தார். ரேடியோ திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார்.

மருத்துவமனை ஐந்தாவது மாடியில். லிஃப்டுக்குள் அண்ணியின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். "கதவு மூடுகிறது" என்றது மேலேயிருந்து அவள் குரல், உலகத்தில் எந்தக் கவலையும் இல்லாமல். அவளுக்கு அதன் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது.

டாக்டர் இளம்பெண். குழாயைக் காதில் மாட்டி, முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தாள். இரத்த அழுத்தம் பார்த்தாள். விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"எத்தனை நாளா மூச்சு இப்படி இருக்கு?"

அண்ணி தலையைத் திருப்பி ரேடியோவைப் பார்த்தார். ஒன்பது நாளில் முதல் தடவையாக நேருக்கு நேர்.

"இன்னைக்குக் காலையில பதினொண்ணு இருபதுக்கு ஆரம்பிச்சுது, டாக்டர்" என்றாள் ரேடியோ. "முதல்ல ரெண்டு தடவை லேசா இழுத்துச்சு. அப்புறம் மூணு, நாலு இழுப்புக்கு ஒரு தடவை நின்னு வந்துச்சு. நான் நல்லாக் கேட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நெஞ்சில் ஒன்றும் கோளாறு தெரியவில்லையே, ஈசிஜி வேண்டுமானால் எடுக்கலாம் என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றார் அண்ணி. ஒன்பது நாள் பேசாத தொண்டை கரகரத்தது. "நான் அழுதுக்கிட்டு இருந்தேன், டாக்டர். சத்தம் வரக் கூடாதுன்னு அடக்கிக்கிட்டு அழுதேன், பாட்டு கெட்டுடுமேன்னு. அழுதா மூச்சு அப்படித்தான் வரும். இவகிட்ட யார் சொல்றது?"

ஈசிஜி எடுக்காமல் ரேடியோ நகரவில்லை. எடுத்தார்கள். ஒன்றும் இல்லை.

இறங்கும்போது லிஃப்டில் அவர்கள் இரண்டு பேர்தான். மேலேயிருந்து அந்தக் குரல் மறுபடி கதவைப் பற்றிப் பேசியது.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே" என்றார் அண்ணி, கதவைப் பார்த்துக்கொண்டு.

"இல்லை, அண்ணி."

"பெட்டியைப் பிரிக்கிறதா வேணாமான்னு இன்னும் யோசிக்கலை."

"சரி, அண்ணி."

"அந்த மிச்சத்தை நாளைக்குப் பாடி முடிச்சுடு. பாதியில விட்டா நல்லாவா இருக்கு? நான் முன் ரூம்லயே இருந்துக்கிறேன்."

"வேணாம்" என்றாள் ரேடியோ. "அவ்வளவுதான் பாட்டு. நீங்க அந்த நாற்காலியிலதான் உட்காரணும்."

தரைத் தளம் வந்ததும், படி இருப்பது தெரியாமல் ரேடியோ தடுமாறப் போக, அண்ணி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி வரை விடவில்லை.

ஆல்பத்தில் ஒன்பதாவது பாட்டு அப்படியே இருக்கிறது. இரண்டாம் சரணத்தின் நடுவில், ஒரு வார்த்தை முடிவதற்குள், பாட்டு நின்றுவிடும். ஏதோ கீழே விழும். "அண்ணி, எழுந்திரிங்க" என்று ஒரு குரல் பதறும். நாற்காலி நகரும், கதவு திறக்கும், ஓடுகிற காலடிகள் தேயும். பதிவை நிறுத்த யாரும் இல்லாததால் அறை மட்டும் இன்னும் ஒரு நிமிடம் ஓடும். கேட்டவர்கள் பலர் இயந்திரம் கெட்டுவிட்டதாக நினைத்து மீசைக்கு போன் போடுகிறார்கள். "அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. கூட யாராவது இருந்தா, அவங்க மூச்சு எப்படி இருக்குன்னு போய்ப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.